பழைய சிறிய மோட்டார் ஹோம்: கூரையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

பழைய மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி) வாங்கப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இன்ஜின் சத்தம் சீராக இருந்தது, ஆயில் சுத்தமாக இருந்தது, மெத்தைகளுக்குப் புது உறை வேறு போட்டிருந்தார்கள். வாங்கிய மூன்றாவது வாரம், ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கையின் ஒரு மூலையில் கட்டைவிரலை ஊன்றினேன். விரல் உள்ளே போய்விட்டது. பிளைவுட் நனைந்த அட்டைபோல் ஆகியிருந்தது. அந்த வண்டியின் இன்ஜினுக்காக நான் செலவிட்டது நாலைந்து விடுமுறை நாட்கள். அந்த மூலைக்காக ஒரு கோடைக்காலம் முழுதாகப் போனது.

இந்த வண்டிகளைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல, தண்ணீர். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பார்க்க ஊருக்கு ஊர் மெக்கானிக் இருக்கிறார்கள். ஓதம் குடித்த சுவரைப் பிரித்து, எலும்புக்கூடு வரை போய், மறுபடி கட்டித்தர ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் நான் சொல்லப்போகும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும்: கூரை, சுவர், தரை, அடிப்பாகம், அதற்கப்புறம்தான் இன்ஜின்.

வாங்குவதற்கு முன்: எந்த வகை உடம்பு?

சிறிய மோட்டார் ஹோம் என்று இங்கே நான் சொல்வது ஐந்து மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை நீளம் உள்ளவற்றை. இவற்றில் மூன்று வகை உடம்புகள் உண்டு. எது உங்கள் கைக்கு வருகிறதோ அதைப் பொறுத்து நீங்கள் பயப்பட வேண்டிய இடமும் மாறும்.

முதல் வகை, இரும்பு வேனை உள்ளே மாற்றிக் கட்டியது. ஃபோக்ஸ்வாகன் டி2 (1967 முதல் 1979 வரை), அதற்கடுத்து வந்த டி3 ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. இதில் மரச்சட்டம் கிடையாது, ஆகவே உளுத்துப்போகவும் ஒன்றும் கிடையாது. துருதான் எதிரி. இரண்டாவது வகை, வண்டியின் முன்பக்கக் கேபினை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் மரச்சட்டத்தில் அலுமினியமோ ஃபைபர் கிளாஸ் தகடோ போர்த்திக் கட்டிய வீடு. 1981-இல் வந்த ஃபியட் டுகாட்டோவின் மேல் ஐரோப்பாவில் கட்டப்பட்டவை ஏராளம். வட அமெரிக்காவில் 1970-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை டொயோட்டாவின் சிறு டிரக் சேஸிஸ்மேல் (இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) இப்படிப் பல நிறுவனங்கள் வீடு கட்டின. இடம் தாராளம், ஆனால் மூட்டுகள் அதிகம். மூட்டு இருந்தால் கசிவும் இருக்கும். மூன்றாவது வகை, அச்சில் வார்த்த இரண்டு ஃபைபர் கிளாஸ் ஓடுகளைச் சேர்த்து ஒட்டியது. டொயோட்டா சேஸிஸில் வந்த சன்ரேடர் அப்படிப்பட்டது. மூட்டு ஒன்றிரண்டுதான் என்பதால் முதுமையில் கட்டுக்கோப்பாக நிற்பவை இவைதான். எனக்கு மறுபடி வாங்க வாய்ப்பு வந்தால் இந்த வகையைத்தான் தேடுவேன்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஒரே வண்டிக்கு இரண்டு வயது உண்டு. சேஸிஸ் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருடம் தயாராகியிருக்கும். வீடு வேறொரு நிறுவனத்தில் அடுத்த வருடம் கட்டப்பட்டிருக்கும். பிரேக் லைனிங் கேட்கும்போது சேஸிஸ் எண்ணைச் சொல்ல வேண்டும், ஜன்னல் கேட்கும்போது வீடு கட்டியவர் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டையும் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பாகங்கள் எப்படியும் கிடைத்துவிடும். அந்தக் காலத்து அக்ரிலிக் ஜன்னல், மேலே திறக்கும் வென்ட் மூடி, கதவுப் பூட்டு இவைதான் தேடித் தேடிச் சலிக்க வைக்கும். ஜன்னல்கள் முழுதாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

பார்க்கப் போகும் நாள்

போவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். "நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்பது ஒன்று. "முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜைப் போட்டு வையுங்கள்" என்பது மற்றொன்று. பழைய மோட்டார் ஹோம் ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும். போய் நின்று சுவிட்சைப் போட்டால் எதுவும் தெரியாது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். அதைவிட நல்ல பரிசோதனைக் கருவி இல்லை.

கையில் டார்ச், மொண்ணையான ஸ்குரூடிரைவர், சிறு ஏணி, மல்டிமீட்டர், மரத்தின் ஈரப்பதத்தைக் காட்டும் மீட்டர், கீழே படுத்துப் பார்க்க ஒரு பழைய பாய். கூடவே ஒரு நண்பர், அதிலும் அந்த வண்டிமேல் ஆசை இல்லாத நண்பர். ஆசைப்பட்டவன் கண்ணுக்கு ஓட்டை தெரியாது.

கதவைத் திறந்ததும் எதையும் பார்க்காதீர்கள், முதலில் மூச்சை இழுத்து முகருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எங்கோ ஈரம் இருக்கிறது. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

பிறகு ஏணியைப் போட்டுக் கூரையைப் பாருங்கள். பழைய கூரை மேல் ஏறி நடக்க வேண்டாம். எட்டிப் பார்த்தாலே போதும். வென்ட், ஏரியல், ஓரப் பட்டை எல்லாவற்றைச் சுற்றியும் மூட்டை அடைக்கும் பசையான சீலன்ட் இருக்கும். அது வெடித்திருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா, நடுவில் தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா? எல்லா மூட்டிலும் சிலிக்கோனை அள்ளி அப்பியிருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. ஒழுகுவது தெரிந்து, எங்கிருந்து என்று தெரியாமல், கண்ட இடத்தில் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கீழே இறங்கி, வண்டியின் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டினாற்போல் நின்று நீளவாக்கில் பாருங்கள். சாய்வான வெயிலில் சுவர் அலை அலையாக, கொப்புளமாகத் தெரிந்தால் உள்ளே பசை விட்டுத் தகடு பிரிந்திருக்கிறது. விரல் மடக்கித் தட்டினால் நல்ல இடம் கணீர் என்றும் பிரிந்த இடம் பொத்தென்றும் கேட்கும்.

உள்ளே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். மேல்படுக்கையின் முன்மூலைகள் இரண்டும் முதலில். முன்பக்கம் சின்ன ஜன்னல் இருந்தால் அதன் கீழ்விளிம்பு கட்டாயம். ஓடும்போது மழையும் காற்றும் நேராக மோதும் இடம் அதுதான், இந்த வகை வண்டிகளில் அதிகம் ஒழுகுவதும் அங்கேதான். பின் எல்லா ஜன்னல்களின் கீழ்மூலை, மேல் அலமாரிகளுக்கு உள்ளே கூரையும் சுவரும் சேரும் கோணம், பின்பக்க விளக்குகளுக்குப் பின்னால், வாசற்படிக்கு அருகில் தரை, கழிப்பறையைச் சுற்றிய தரை. அலமாரியில் சாமான் நிரம்பியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஈரமீட்டர் பொதுவாக 15 விழுக்காட்டுக்குக் கீழ் காட்டினால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். 30-ஐத் தொட்டால் அங்கே மரம் ஏற்கெனவே இற்றிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் மட்டும் புதுப் பலகையோ புது வால்பேப்பரோ இருந்தால், "இது எதற்கு மாற்றினீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் தானாக வரும்.

பாயை விரித்துப் படுங்கள்

அடிப்பாகத்தில் சேஸிஸ் சட்டம், பின்பக்கம் நீட்டி வெல்டிங் செய்த பகுதி, ஸ்பிரிங் பிளேட் மாட்டும் கொக்கி, பிரேக் குழாய்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேல்தோலில் செந்துரு இருப்பது பழைய வண்டியில் இயல்பு. ஸ்குரூடிரைவரால் குத்தும்போது பொரி உதிர்வதுபோல் அடுக்கடுக்காக உதிர்ந்தால் அது வேறு கதை. அடிப்பாகம் மட்டும் புத்தம் புதுக் கறுப்பாகப் பளபளத்தால், நேற்று அடித்த பெயின்ட்டுக்குக் கீழே என்ன என்று குத்திப் பாருங்கள். கதவின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவிலும் பட்டி வைத்து மறைத்திருக்கிறார்களா என்பதை ஒரு சின்னக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். இரும்பு இல்லாத இடத்தில் அது ஒட்டாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. மோட்டார் ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று சாகின்றன. பட்டன் முழுதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஆறு வயதைத் தாண்டினால் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும், பத்து வயதானதைக் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள் டயரின் எண்ணையும் பாருங்கள். வெளியே தெரியும் டயரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழையதை விட்டுவைப்பவர்கள் உண்டு.

டொயோட்டா வகை வாங்குகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆரம்பகால வண்டிகள் பலவற்றில் லேசான டிரக்குக்கு உரிய பின் ஆக்சிலை அப்படியே வைத்து, அதில் இரட்டைச் சக்கரத்தை மாட்டிவிட்டார்கள். சக்கரம் நான்கானதே தவிர, சுமையைத் தாங்கும் தண்டும் பேரிங்கும் பழையபடியே இருந்தன. வீட்டின் எடை தாங்காமல் தண்டு முறிந்து சக்கரமே கழன்ற சம்பவங்கள் நடந்தன. அதனால் வண்டிகளைத் திரும்ப அழைத்து ஆக்சில் மாற்றித்தரும் ரீகால் வந்தது. அடையாளம் எளிது: சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்தால் லேசான ஆக்சில். ஆறு நட்டும், நடுவில் ஹப் (சக்கரத்தின் குடம்) வெளியே துருத்திக்கொண்டும் இருந்தால் ஒரு டன் ரகக் கனமான ஆக்சில். அதில் எடையை ஹப் தாங்கும், தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். ஐந்து நட்டு வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆக்சில் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள், இல்லையென்றால் வந்துவிடுங்கள்.

இப்போது இன்ஜின்

பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்கள் பேச்சை அவர் கேட்கவில்லை. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் செய்யும்போது நண்பர் புகைக்குழாய் பக்கம் நிற்கட்டும். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும், கரும்புகை எரிபொருள் அதிகமாகப் போவதை. வெண்புகை குளிர்காலையில் சில நிமிடம் வந்து நின்றால் வெறும் நீராவி. சூடான பின்னும் நிற்காமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால், இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சும்மா நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் ஈரம் படிந்தும் இப்படித் தெரியும் என்பதால், கூலன்ட்டில் ஆயில் மிதக்கிறதா, மட்டம் குறைகிறதா என்றும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு பிறவிக் குறை உண்டு. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 22ஆர் வகை ஆயுசு கெட்டி. ஆனால் 1983 முதல் வந்தவற்றில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை உடையும். ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் கடகடவென்று கேட்டால் அதுதான். விட்டுவிட்டால் செயின் மூடியை உரசி உரசித் துளைத்து, கூலன்ட்டை ஆயிலில் கலந்துவிடும். டி3-யின் நீர்குளிர் இன்ஜினில், தவறான கூலன்ட் ஊற்றி அரித்துப்போன ஹெட் விளிம்புகளில் கசியும். காற்றால் குளிரும் பழைய டி2-வில் பின்னால் இருக்கும் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் ஹோஸ் காய்ந்து வெடித்து, தீப்பிடித்து எரிந்த வண்டிகள் பல. நீங்கள் பார்க்கப்போகும் இன்ஜினின் பிறவிக் குறை என்ன என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். வாய்ச்சொல்லை ரசீதாக எடுத்துக்கொள்ளாமல், வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மேடு ஏற வேண்டும், இறங்க வேண்டும், நெரிசலில் நின்று நின்று போக வேண்டும். சூட்டு முள் நடுவில் நின்றுவிட வேண்டும். மேட்டில் முள் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரையாவது பார்க்க வேண்டியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் தானாக விடுபடுகிறதா என்று கவனியுங்கள். வேகம் ஏறாதே என்று விற்பவரைக் குறை சொல்லாதீர்கள். சின்ன இன்ஜினின் முதுகில் வீடு இருக்கிறது, அது அப்படித்தான் போகும்.

எடை

இதை யாரும் சொல்வதில்லை. ஓட்டுநர் கதவுப் பக்கத்திலோ பானெட்டுக்குள்ளோ உள்ள தகட்டில் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை எழுதியிருக்கும். வண்டியை எடை மேடையில் ஏற்றி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மிச்சம் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஏறினால் 150 போயிற்று. தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர் என்றால் 80 கிலோ. கூடுதல் பேட்டரி, கேஸ் சிலிண்டர், வெளியே விரிக்கும் கூடாரத் துணி, கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் நூற்றைத் தொடும். துணிமணிக்கும் சமையல் சாமானுக்கும் 70 கிலோதான் மிச்சம். சிறிய வண்டியில் இடம் தீருமுன் எடை தீர்ந்துவிடும். சோலார் தகடு, இரண்டு பேட்டரி, சைக்கிள் என்று ஆசைப்பட்டியல் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் போடட்டும்.

காகித விஷயம் சுருக்கமாக: சேஸிஸில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா, வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது, உங்கள் ஓட்டுநர் உரிமம் அந்த எடைக்குப் பொருந்துமா, காப்பீடு கொடுப்பார்களா. இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கையில் உள்ள எல்லாவற்றையும் விலையாகவும் கொடுத்துவிடாதீர்கள். டயர், பேட்டரி, ஹோஸ், பெல்ட், பிரேக் என முதல் மாதத்திலேயே வண்டி கேட்கும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கை நடுங்கக் கூடாது.

வாங்கியாயிற்று: எதை முதலில் தொடுவது?

புதிதாக வாங்கியவர்கள் திரைச்சீலையில் ஆரம்பிப்பார்கள். என் வரிசை வேறு. வண்டி நிற்க வேண்டும், எரியாமல் இருக்க வேண்டும், நனையாமல் இருக்க வேண்டும், அதற்கப்புறம் அழகு.

நிற்பதற்கு: டயர், பிரேக் லைனிங், சக்கர சிலிண்டர்கள், ரப்பர் பிரேக் ஹோஸ்கள். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருக்கும்; முப்பது வயது ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் நீண்ட இறக்கத்தில் சூடேறி கொதித்து, பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது வழக்கமாகட்டும்.

எரியாமல் இருப்பதற்கு: எரிபொருள் ஹோஸ் எல்லாம் புதிது. இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைப் பழைய ரப்பர் தாங்காது, அதைத் தாங்கும் ரக ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். வயரிங்கில் முந்தைய உரிமையாளர்கள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சரியான முனை போடுங்கள். உள்ளே விளக்கு, பம்ப் ஓட்டும் வீட்டுப் பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் வயரைக் காப்பதற்கு. வயரின் தடிமனுக்கு ஏற்றதைப் போடுங்கள். அடிக்கடி போகிறதே என்று பெரியதாகப் போட்டால் பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

கேஸ் விஷயத்தில் என் கருத்து கறாரானது: சோதிப்பது நாம், வேலை செய்வது தகுதி பெற்றவர். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் சிலிண்டர் பெட்டியின் அடியிலும் தரையிலும் துளை விட்டிருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது என்று அவற்றை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸில் அச்சடித்த தேதியையும் ரெகுலேட்டரின் வயதையும் பாருங்கள். கேஸ் கசிவு அலாரம் தரைமட்டத்திலும், கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்கும் இடத்துக்கு அருகிலும். வாசலை ஒட்டித் தீயணைப்பான். இவை மூன்றும் இல்லாமல் அந்த வண்டியில் ஒரு இரவுகூடத் தூங்க வேண்டாம்.

ஒழுகும் ஜன்னலைச் சரிசெய்வது

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அடிக்கடி செய்யப்போகும் வேலை இதுதான்.

முதலில் கசிவின் மூலத்தைக் கண்டுபிடியுங்கள். உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி ஒரு மீட்டர் தள்ளி எட்டிப் பார்க்கும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, மற்றவர் வெளியே ஹோஸால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மூட்டுக்கும் சில நிமிடம் என்று மெதுவாக நனைக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது.

ஜன்னல்தான் என்று தெரிந்தால், வெளியே சிலிக்கோன் தடவி முடித்துக்கொள்ளும் ஆசையை அடக்குங்கள். சட்டத்தின் திருகுகளைக் கழற்றி ஜன்னலை முழுதாக வெளியே எடுங்கள். பழைய பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, ஆல்கஹாலால் துடையுங்கள். முன்பு யாராவது சிலிக்கோன் போட்டிருந்தால் இங்கேதான் அவரைத் திட்டுவீர்கள்: அது முழுதாகப் போகாது, அதன் மேல் வேறெதுவும் ஒட்டவும் செய்யாது. திறந்த இடத்தில் மரச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள். வெறும் ஈரம் என்றால் பல நாள் காய விடுங்கள். மின்விசிறி வைத்தால் சீக்கிரம் காயும். இற்றுப்போயிருந்தால் நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டைப் பசையும் திருகும் போட்டுச் சேருங்கள். விரலகலப் பாதிப்புக்கு மரத்துக்குள் ஊறி இறுகும் எபாக்ஸி போதும். முழங்கை நீளத்துக்கு எபாக்ஸி ஊற்றுவது சாக்கு சொல்வது. ஈர மரத்தின் மேல் புதுப் பலகை அடிப்பது அதைவிட மோசம்: அடுத்த வருடம் இரண்டும் சேர்ந்து போகும்.

காய்ந்த பின் சட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றி பியூட்டைல் டேப் (இறுகாமல் பிசுபிசுக்கும் ரப்பர் பட்டை) ஒட்டி, ஜன்னலை உட்காரவைத்து, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். டேப் சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்க வேண்டும். மறுநாள் இன்னொரு முறை லேசாக முடுக்கி, பிதுங்கியதை வெட்டுங்கள். பியூட்டைல் பல வருடம் இளகியே இருப்பதால் வண்டி ஓடும்போது சட்டம் அசைந்தாலும் பிடி விடாது. கூரையின் வென்ட்டுகளுக்கும் இதே முறை. மேலே தானாகப் பரவி மட்டமாகும் கூரை சீலன்ட் ஒரு சுற்று கூடுதல். ரப்பர் விரித்த கூரை என்றால் பெட்ரோலியக் கரைப்பானைக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம், ரப்பர் வீங்கிவிடும்.

உள்ளே இருக்கும் சாதனங்கள்

ஃபிரிட்ஜ் பெரும்பாலும் உறிஞ்சல் முறையில் ஓடுவது: கம்பிரஸர் இல்லை, அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் சூட்டால் சுற்றிவருகின்றன. அதனால் வண்டி மட்டமாக நின்றால்தான் வேலை செய்யும். சாய்ந்த நிலையில் நெடுநேரம் ஓடவிட்டால் குளிரூட்டும் பகுதி கெட்டே போகும். பின்னால் மஞ்சள் கறையோ அம்மோனியா நெடியோ இருந்தால் அணைத்துவிட்டு, காற்றோட்டத்துக்குக் கதவுகளைத் திறந்து வெளியே வாருங்கள். அந்தப் பகுதி முடிந்துவிட்டது.

வீட்டுப் பேட்டரி ஈய அமில வகையானால், சில மணி நேரம் எதுவும் ஓடாமல் ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட் முழுசு, 12.2 சுமார் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் போடலாம், எடையும் பாதிக்கும் கீழே. ஆனால் பழைய ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காமல் நடுவில் மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

தண்ணீர்த் தொட்டியை வருடம் ஒருமுறையாவது கழுவுங்கள். 60 லிட்டருக்குச் சுமார் 60 மில்லி என்ற கணக்கில் வாசனை கலக்காத குளோரின் பிளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசினால் போதும். பம்ப் யாரும் குழாயைத் திறக்காதபோது தானாகக் கொஞ்சம் ஓடி நின்றால், எங்கோ ஒரு இணைப்பு கசிகிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது.

நின்றால் கெடும்

இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். மாதம் ஒருமுறை இன்ஜின் முழுதாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மையைவிடத் தீமை. மாதம் ஒருமுறை டயர் காற்று, பேட்டரி வோல்ட், ஒருமுறை அலமாரிகளை எல்லாம் திறந்து முகர்ந்து பார்ப்பது. வருடத்தில் இரண்டு முறை ஏணி போட்டுக் கூரை சீலன்ட்டைப் பாருங்கள். இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் ஆகவில்லை என்று தள்ளாமல் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். உறைபனி விழும் இடமென்றால் குளிர்காலத்துக்கு முன் தொட்டி, ஹீட்டர், பம்ப், குழாய் எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். குடிநீர்க் குழாயில் விடுவதற்கான உறையெதிர்ப்புத் திரவம் புரொப்பிலீன் கிளைக்காலில் செய்தது, ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் வகை நஞ்சு. மூடித் துணி போடுவதானால் காற்று புகும் துணியாக இருக்கட்டும். தார்ப்பாய் போட்டால் உள்ளேயே வியர்த்து ஓதம் ஏறும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வண்டியிலேயே கிடக்கட்டும். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பாகத்தின் எண், எந்த நட்டுக்கு எத்தனையாம் நம்பர் ஸ்பேனர் என்பதுவரை எழுதுங்கள். ஈரமீட்டர் காட்டிய எண்களையும் மூலைவாரியாகக் குறியுங்கள். போன வருடம் 14 இருந்த இடம் இந்த வருடம் 19 ஆனால், கண்ணுக்குக் கறை தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் பயணத்தை வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், ஒரே ஒரு இரவுக்கு வையுங்கள். தண்ணீர் நிரப்பி, ஃபிரிட்ஜ் போட்டு, சமைத்து, மேல்படுக்கையில் தூங்கி எழுந்து வாருங்கள். எதெல்லாம் வேலை செய்யவில்லை என்று அந்த நோட்டில் எழுதுங்கள். என்னுடைய முதல் இரவின் பட்டியலில் பதினேழு வரிகள் இருந்தன, அதில் பதினொன்று வெறும் திருகு முடுக்குகிற வேலை.